மினசோட்டா குவார்ட்டரில் கூடுதல் மரம்: நிஜமான டபுள்ட் டையா, வெறும் மெஷின் டபுளிங்கா?

டல்லாஸ்குமார்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க வங்கியில் 10 டாலர் ரோல்களாகக் குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு, வாங்கி வந்து பிரித்துப் பார்க்கிற பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. பெரும்பாலும் 1999 முதல் 2008 வரை, பின்பக்கத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு படம் போட்டு வந்த மாநிலக் குவார்ட்டர்கள்தான் கையில் சிக்குகின்றன. அதில் மூன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது 2001 நியூயார்க், தலைப் பக்கத்தில் 'இன் காட் வி டிரஸ்ட்' வரி முழுக்க ரெட்டையாகத் தெரிகிறது, கீழே இருக்கிற, பிலடெல்பியா நாணயச்சாலையைக் குறிக்கிற 'பி' எழுத்துக்கும் ஒரு நிழல் இருக்கிறது. இரண்டாவது 1999 டெலவேர், எழுத்தெல்லாம் ஊதிப் போன மாதிரி தடிமனாக இருக்கிறது. மூன்றாவது 2005 மினசோட்டா. மரங்களுக்கு நடுவே குட்டியாக ஒரு மேடு, அவ்வளவுதான். வீடியோக்களில் எழுத்து ரெட்டையாக இருந்தால் ஆயிரக்கணக்கில் டாலர் என்கிறார்கள். நியூயார்க் காசைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. போனில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன், பெரியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:
தலைப்பில் குவார்ட்டர் என்று பார்த்துவிட்டு வேகமாக உள்ளே வந்தேன். ஏமாற்றம்தான், ஆனாலும் உட்கார்ந்து படிக்கிறேன்.

பழையகாசு:
குமார், நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் ஆசையாக எடுத்து வைத்த நியூயார்க் 25 சென்ட்தான், செலவு பண்ணிவிடலாம். நீங்கள் கண்டுகொள்ளாமல் 'அவ்வளவுதான்' என்று தள்ளிய மினசோட்டாவைத்தான் நான் இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.

நியூயார்க் காசில் இருப்பது மெஷின் டபுளிங். படத்தில் 'டிரஸ்ட்' என்ற சொல்லின் கடைசி 'டி'யைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் செதுக்கி எடுத்தது போலத் தட்டையான ஒரு படி இருக்கிறது, காசின் வெற்றுப் பரப்பை ஒட்டித் தாழ்வாக, பளபளவென்று. அந்தப் படியைக் கழித்துவிட்டு மேலே நிற்கிற எழுத்தை மட்டும் பாருங்கள், சாதாரணக் காசில் இருப்பதைவிட மெலிந்திருக்கும். காசை அடித்து முடித்த அதே நொடியில் டை, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கிற உருக்கு அச்சு, லேசாக ஆடி நகர்ந்து, ஏற்கெனவே எழும்பி நின்ற எழுத்தின் பக்கவாட்டை வழித்துத் தள்ளிவிடுகிறது. எழுத்தில் இருந்த உலோகம்தான் படியாக மாறியது, புதிதாக எதுவும் சேரவில்லை. நிமிஷத்துக்கு 700 காசுக்கு மேல் அடிக்கிற மெஷினில் இது சர்வசாதாரணம்.

நிஜமான டபுள்ட் டையில் கதை வேறு. காசை அடிப்பதற்கு முன்பே, டையைச் செய்யும்போதே உருவம் அதில் இரண்டு தடவை பதிந்துவிடுகிறது. டையில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும் என்பதால் இரண்டு பதிவும் மேடாக, உருண்டையாக, ஒரே மாதிரித் தரத்தில் நிற்கும். எழுத்து தடிக்கும், மெலியவே மெலியாது. நன்றாக விலகியிருந்தால் எழுத்தின் மூலைகளில் ஒரு வெட்டு, அதாவது இரண்டு முனைகள் பிரிந்து நிற்பது தெரியும். அப்புறம், அந்த டை அடித்த லட்சக்கணக்கான காசுகளிலும் அச்சு அசலாக அதே இடத்தில் அதே அளவில் வரும். மெஷின் டபுளிங் ஒவ்வொரு காசுக்கும் கொஞ்சம் மாறும்.

ஹட்சன்வேட்டை:
பழையகாசு சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 'பி' எழுத்தும் ரெட்டை என்று குமார் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததுமே எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. இந்தக் காலக் குவார்ட்டரில் மின்ட் மார்க், அதாவது அந்த நாணயச்சாலை எழுத்து, விளிம்பை ஒட்டி ஓரமாக இருக்கிறது. அது ரெட்டையாகத் தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மெஷின் டபுளிங்தான்.

டல்லாஸ்குமார்:
நன்றி சார். மனசு கொஞ்சம் உடைந்தது, பரவாயில்லை. ஆனால் ஓரத்தில் இருந்தால் ஏன் போலி? டபுள்ட் டைக்குப் பேர்போன 1955 சென்ட் படத்தில் ஓரத்து எழுத்துதானே கண்ணைப் பறிக்கிற மாதிரி ரெட்டையாக இருக்கிறது? அது மட்டும் எப்படி நிஜம்?

பழையகாசு:
சரியான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஹப் என்கிற மேட்டு உருவத்தை டை உருக்கில் ஒரே அமுக்கில் முழுசாகப் பதிய வைக்க முடியாது. ஒரு தடவை அமுக்கியதும் உலோகம் இறுகிவிடும். அதை உலையில் வைத்து இளக்கி, மறுபடி கொண்டுவந்து ஹப்பின் அடியில் வைத்து அமுக்கவேண்டும். இரண்டாவது தடவை ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்தாலும் போச்சு. மையத்தைச் சுற்றித் திரும்பினால் மையத்தில் விலகல் கம்மி, ஓரத்தில் அதிகம். 1955 சென்ட்டின் ஓர எழுத்துகள் அப்படிப் பிளந்து நிற்பதற்கு இதுதான் காரணம். நினைவுக் குவார்ட்டரிலேயே வேண்டுமென்றால் 1776–1976 என்று இரண்டு ஆண்டு போட்ட இருநூற்றாண்டுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள், டென்வரில் அடித்ததில் 'லிபர்ட்டி' பட்டையாக ரெட்டை விழுந்த ஒரு டை இருக்கிறது. லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும்.

1990-களின் பின்பாதியில் அமெரிக்க நாணயச்சாலை ஒரே அமுக்கில் டை செய்கிற முறைக்கு மாறிவிட்டது. இரண்டாவது தடவை அமுக்கினால்தானே விலகும், இனி டபுள்ட் டையே வராது என்று சேகரிப்பவர்கள் பலர் நினைத்தார்கள். வந்தது, வேறு ரூபத்தில். டை செய்ய எடுக்கிற உருக்குத் துண்டின் முகம் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாகக் கூம்பியிருக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கு உலோகம் பரவவேண்டும் என்பதற்காக. ஹப் இறங்கும்போது முதலில் தொடுவது அந்தக் கூம்பின் உச்சியை. துண்டு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் உருவத்தின் நடுப்பகுதி மட்டும் தப்பான இடத்தில் லேசாகப் பதிந்துவிடும். அழுத்தம் ஏற ஏறத் துண்டு 'டக்'கென்று நேராகிவிடும், மீதி வேலை சரியான இடத்தில் நடக்கும். ரப்பர் ஸ்டாம்பைக் கோணலாக வைத்துவிட்டு, கையை எடுக்காமலே நிமிர்த்தி அழுத்தினால் ஒரு இடத்தில் மட்டும் மை இரண்டு தடவை விழுமே, அதே கதை. டபுள்ட் டைகளை வகை பிரித்த பட்டியலில் இதைத்தான் எட்டாம் வகுப்பு டபுளிங் என்கிறார்கள்.

ஓரத்து எழுத்துகளை ஹப் தொடுவதற்குள் டை நேராகிவிட்டது. அதனால் அங்கே ரெட்டை விழ வழியில்லை. 1999-க்குப் பிந்தைய குவார்ட்டரைக் கையில் எடுத்தால் கண் முதலில் நடுவுக்குப் போகவேண்டும். நம் ஆட்கள் செய்வது நேர்மாறு, ஓரத்து எழுத்தை வரிவரியாகப் படித்துவிட்டு நடுவைப் பார்க்காமலே காசைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

எடிசன்செல்வி:
இதை முதலாம் ஆண்டே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நடுவில் என்ன தேடுவது என்று குமார் அடுத்துக் கேட்பார், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு காசிலும் நடுவில் என்ன உருவம் விழுகிறதோ அதுதான். மினசோட்டாவில் மாநில வரைபடமும் அதை ஒட்டின மரங்களும். 2007 வயோமிங் குவார்ட்டரில் துள்ளுகிற குதிரை மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா, அந்தச் சேணத்தின் முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு. பிலடெல்பியா காசுகளில் அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் இன்னொரு கொம்பு முளைத்த டைகள் உண்டு. 2015-இல் வந்த நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் குவார்ட்டரில் மரவீட்டின் கூரையும் ஜன்னலும், அதற்குக் கூரைமேல் பனி என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். குவார்ட்டரை விட்டு வெளியே போனால் 2009 லிங்கன் சென்ட்டில் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற இளம் லிங்கனுக்குக் கூடுதலாக ஒரு விரல்! எனக்கு இந்த வகையிலேயே ரொம்பப் பிடித்தது அந்த விரல்தான். லென்ஸில் பார்த்தால் புத்தகத்தைப் பிடித்திருக்கிற கையில் சங்கடமான இடத்திலிருந்து ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்க்கும்.

தலைப் பக்கத்தில் என்றால் வாஷிங்டனின் காது மடலையும் அதைச் சுற்றின முடிச்சுருளையும் பாருங்கள்.

ஹட்சன்வேட்டை:
ஓர் ஆட்சேபம். 'எழுத்தைப் பார்க்காதே' என்று புதியவர்களுக்கு மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் ஆபத்து. 2009 வாஷிங்டன் டிசி குவார்ட்டரில் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் பியானோ முன் உட்கார்ந்திருப்பார். அதில் 'எலிங்டன்' என்ற எழுத்துகளே அழகாக ரெட்டை விழுந்த டை இருக்கிறது, பட்டியலில் சேர்ந்த நிஜமான டபுள்ட் டை. சார் சொன்ன விதிப்படி பார்த்தால் அதைத் தூக்கிப் போட்டிருப்போம்.

பழையகாசு:
நான் எழுத்து கூடாது என்று எங்கே சொன்னேன்? ஓரம் என்றுதான் சொன்னேன். எலிங்டன் பெயர் காசின் உள்ளே, பியானோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் விழுந்தது. அதே காசில் ஓரத்தில் இருக்கிற 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா'வைப் பாருங்கள், ஒற்றையாக ஒழுங்காக நிற்கும். உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ஹட்சன்வேட்டை:
சரி சார், அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். 'நடுவைப் பார்' என்று சொல்லுங்கள், 'எழுத்தை விடு' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

டல்லாஸ்குமார்:
அப்போ டெலவேர்? எழுத்து தடித்திருக்கிறது, மெலியவில்லை. படி எதுவும் இல்லை. சார் சொன்ன சோதனையில் பாஸ் ஆகிறதே?

எடிசன்செல்வி:
ஆகவில்லை குமார், அது கிழட்டு டை. ஒரே டை லட்சக்கணக்கில் அடித்துக்கொண்டே போனால் பள்ளங்களின் கரை தேய்ந்து உருகின மாதிரி ஆகிவிடும், எழுத்து வீங்கும், சில சமயம் விளிம்புப் பக்கமாக ஒரு மங்கலான சாயல் கூட வரும். கண்டுபிடிக்க எழுத்தைப் பார்க்காதீர்கள், எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றுப் பரப்பைப் பாருங்கள். உங்கள் படத்தில் அது ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக, விளிம்பை நோக்கி ஓடுகிற கோடு கோடாக இருக்கிறது. நிஜ டபுள்ட் டையில் எழுத்து தடித்தாலும் இப்படி ஊதி உருகின மாதிரி இருக்காது, ஓரங்கள் கூர்மையாக நிற்கும்.

இன்னொரு விஷயம். சென்ட் வேட்டைக்காரர்கள் துத்தநாகம் தெரிகிற பிளவு என்று ஒன்று சொல்வார்கள், 1982-க்குப் பிந்தைய சென்ட்டில் தாமிர முலாம் கிழிந்து உள்ளே இருக்கிற துத்தநாகம் ரெட்டை மாதிரித் தெரிவது. அது குவார்ட்டருக்குப் பொருந்தாது. குவார்ட்டரில் முலாம் கிடையாது, நடுவில் தாமிரமும் இரண்டு பக்கமும் தாமிர நிக்கல் தகடும் வைத்து ஒட்டியது. காசின் பக்கவாட்டில் செந்நிறக் கோடு தெரிகிறதே, அதுதான் உள்ளே இருக்கிற தாமிரம்.

வெட்டிப்பேச்சு:
விஸ்கான்சினில் கூடுதல் இலை என்று ஒன்று கேள்விப்பட்டேன், நல்ல விலை போகிறதாமே. அதுவும் இதே சாய்ந்த டை கதையா?

பழையகாசு:
இல்லை. 2004-இல் டென்வரில் அடித்த விஸ்கான்சின் காசில் சோளக்கதிரின் இடது பக்கம் கூடுதலாக ஒரு இலை, மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று என்று இரண்டு வகை. அரிசோனாவின் டூசான் பக்கமும் டெக்சாஸின் சான் அன்டோனியோ பக்கமும் நிறையக் கிடைத்தன. அது டையில் ஏதோ கூரான உலோகம் குத்தின தழும்பு. யார் செய்தது, தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா என்று பேசிப் பேசி மாய்ந்துவிட்டார்கள். விலை அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் போகிறது. டபுள்ட் டை என்று யாராவது விற்றால் விற்பவருக்கே விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம்.

1999 டெலவேரில் குதிரை துப்புகிற காசு கூட அப்படித்தான், குதிரையின் வாயருகே டையில் விரிசல். 2005 கான்சாஸில் 'டிரஸ்ட்' என்பதில் முதல் 'டி' காணாமல் போய் 'ரஸ்ட்', அதாவது துரு, என்று படிக்கிற மாதிரி வந்தது, டையில் கிரீஸ் அடைத்துக்கொண்டதால். எல்லாமே வேடிக்கையான காசுகள்தான். ஆனால் இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதவை.

டல்லாஸ்குமார்:
புரிகிறது. மினசோட்டாவுக்கு வருவோம். மேலே போட்ட படத்தில் மேடு ஒரு பக்கம் நிழலாகத் தெரிகிறது. இன்னும் நல்ல படம் எடுக்க என்ன செய்வது? கையில் 10 மடங்கு லென்ஸ் மட்டும்தான்.

எடிசன்செல்வி:
10 மடங்கு லென்ஸ் தாராளமாகப் போதும், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கீறலும் மலையாகத் தெரிந்து குழப்பும். மலிவான கம்ப்யூட்டர் மைக்ராஸ்கோப் வாங்கி இருநூறு மடங்கில் மூன்று எழுத்தை மட்டும் எடுத்து 'இது என்ன' என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். முதலில் முழுக் காசு இரண்டு பக்கமும், பிறகு நெருக்கமாக.

வெளிச்சம்தான் முக்கியம். ஒற்றை எல்இடி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எல்லா எழுத்தும் ரெட்டையாகத் தெரியும். விளக்கை அப்படியே வைத்துக் காசை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். ரெட்டை வெளிச்சத்தோடு இடம் மாறினால் அது நிழல். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றால் அது உலோகம். மினசோட்டாவுக்கு நான் விளக்கை மரங்களின் உச்சிப் பக்கமிருந்து வைப்பேன். லென்ஸைப் போன் கேமராவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மாநில வரைபடத்தின் வலது எல்லையிலிருந்து தொடங்கி மரங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். முடிந்தால் சாதாரண மினசோட்டா ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுங்கள், ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

டல்லாஸ்குமார்:
எடுத்துவிட்டேன் அக்கா. இடது படம் சந்தேகக் காசு, வலது படம் சாதாரணம். சாதாரணத்தில் நாலாவது மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கரைக்கோடு வெறுமையாகப் போகிறது. சந்தேகக் காசில் அதே இடத்தில் கரைக்கோட்டின் மேல் ஒரு சின்ன மேடு, உச்சி உருண்டையாக, பக்கத்து மரத்தின் பாதி உயரம் கூட இருக்காது. காசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நகரவில்லை.

பழையகாசு:
இப்போது தெளிவாக இருக்கிறது. நிஜம். எட்டாம் வகுப்பு, பின்பக்க டபுள்ட் டை, பிலடெல்பியா. வாழ்த்துகள் குமார்.

அதற்குள் ஆடிவிடாதீர்கள். 2005 மினசோட்டாவில் இந்தக் கூடுதல் மரம் ஒரு டையில் மட்டும் வந்ததல்ல, டஜன் கணக்கில் டைகள் பட்டியலாகியிருக்கின்றன. ஒன்றிரண்டில் முழு மரமே கிளைகளோடு நிற்கும், அதற்குத்தான் பெரிய விலை. பெரும்பாலானவற்றில் உங்களுடையது மாதிரி மொட்டுதான். எந்த டை என்று தெரியவேண்டுமானால் மேடு இருக்கும் இடத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. டையில் இருக்கிற மற்ற அடையாளங்களையும், மெல்லிய கீறல், விரிசல், மெருகேற்றும்போது விழுந்த கோடுகள், எல்லாவற்றையும் பிழைக் காசு சேகரிப்பவர்களின் கோனெகா சங்கத்தின் பட்டியல் படங்களோடு ஒப்பிடவேண்டும். தலைப் பக்கத்து அடையாளமும் கணக்கில் சேரும், ஏனென்றால் இரண்டு டையும் ஜோடியாகத்தான் ஓடியிருக்கும்.

வெட்டிப்பேச்சு:
பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் தெரிகிற பாதி மரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஹட்சன்வேட்டை:
நியாயமான கேள்வி. கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கண்ணுக்குத் தெரியாத டபுளிங் எவ்வளவு அபூர்வமானாலும் சந்தையில் சூடு பிடிக்காது, எலிங்டன் மாதிரி லென்ஸில் பார்த்ததும் 'அட' என்று சொல்ல வைக்கிற காசுக்குத்தான் ஆள் வருவார்கள். இன்னும் ஒன்று, காசு ரோலில் இருந்து வந்ததா, கடை கல்லாவில் பத்து வருஷம் உருண்டு வந்ததா என்பதும் முக்கியம். தேய்ந்த காசில் முதலில் மறைவது இந்த மாதிரிச் சின்ன மேடுதான்.

ஒரு ஏல தளத்தில் போன மாதம் 'மிக அரிய டபுள்ட் டை ஜார்ஜியா குவார்ட்டர்' என்று 60 டாலருக்கு வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் ஓரத்து எழுத்தில் மெஷின் டபுளிங். விற்றவர் வைத்த படம் அவ்வளவு மங்கல், அது வேண்டுமென்றே வைத்த மங்கல் என்று எனக்கு உறுதி. பணம் திரும்பி வந்தது, ஆனால் மூன்று வாரம் சண்டை போடவேண்டியிருந்தது.

டல்லாஸ்குமார்:
காசுக்குத் தரம் போடுகிற பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் எதற்காவது அனுப்பித் தரம் போட்டு வாங்கலாமா?

பழையகாசு:
இந்தக் காசுக்கு வேண்டாம். தரம் போடுகிற கட்டணம், வகை அடையாளம் போட அதற்கு மேல் ஒரு கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் காசின் விலையைத் தாண்டிவிடும். முழு மரம் உள்ளது கிடைத்தால் அனுப்புங்கள், அதுவும் தேயாமல் இருந்தால். இதை பிளாஸ்டிக் வாடை வராத ஒரு உறையில் போட்டு, மேலே ஆண்டு, மின்ட் மார்க், எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று எழுதி வையுங்கள். தயவுசெய்து கழுவாதீர்கள். விரலால் பரப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

வங்கியில் அதே கட்டு ரோல் இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். ஒரு டை அடித்த காசுகள் சில சமயம் ஒரே பையில் சேர்ந்து பயணம் செய்யும்.

எடிசன்செல்வி:
குமார், கூடவே வயோமிங்கையும் ஒதுக்கி வையுங்கள். சேணக் கொம்பைப் பார்க்காமல் ஒன்றையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வெட்டிப்பேச்சு:
படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. துணி துவைக்க வைத்திருந்த சில்லறை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன், 2009 டிசி குவார்ட்டர் ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு எலிங்டன் கொஞ்சம் தடித்த மாதிரித் தெரிகிறது. வீட்டில் லென்ஸ் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன். நாளைக்குப் படம் போடுகிறேன்.

பழையகாசு:
போடுங்கள். பெயரை மட்டும் எடுக்காமல் பியானோ கட்டைகளையும் சேர்த்து எடுங்கள். அதோடு ஓரத்து 'டிஸ்ட்ரிக்ட்' எழுத்தும் வேண்டும். அதுவும் தடித்திருந்தால் படம் போடாமலே சலவை மெஷினில் போட்டுவிடலாம்.